படைச்சாலையில் ஒரு மறைபேழை

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழன்பர்கள் இரயில் நிலையங்களில் நாள்தோறும் கேட்டுப் பழகிய அறிவிப்பு ஒன்று உண்டு. கேட்பாரற்றுக் கிடக்கும் பொருள் எதனையும் தொடாதீர்கள், அருகிலுள்ள காவலரிடம் தெரிவியுங்கள் என்பது அது. மைய அரசின் மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு அவ்வாக்கியம் காதால் மட்டும் பழகியதன்று, கையாலும் பழகியது. அப்பொருளுடைய சுற்றறிக்கைகளைத் தமிழாக்கும் வேலை பலமுறை நம் மேசைக்கு வந்திருக்கிறது. 'கேட்பாரற்ற' என்பதா, 'உரிமை கோரப்படாத' என்பதா என்று உடன் பணியாற்றும் நண்பரோடு ஒரு பிற்பகல் முழுவதும் வாதிட்டதும் உண்டு. அத்தகைய நாம், சென்ற கோடையில், ஸ்காட்லாந்து நாட்டின் மலைவெளி ஒன்றில் மண்டியிட்டுப் பாறையிடுக்குகளில் கைவிட்டு, முன்பின் அறியாத எவரோ வைத்துச் சென்ற பெட்டி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தோம். அது நேர்ந்த விதத்தையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

நம் தமக்கையின் மகன் கிளாஸ்கோ நகரில் ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறான். "மாமா, ஒருமுறை வந்து பாருங்கள்" என்று மூன்றாண்டுகளாக அழைத்து வந்தான். சேர்ந்து கிடந்த ஈட்டிய விடுப்பில் மூன்று வாரங்களை எடுத்துக்கொண்டு சென்றோம். கோட்டையும் அருங்காட்சியகமும் காட்டுவான் என்று எண்ணியிருந்தோம். அவனோ அங்காடிக்கு அழைத்துச் சென்று, கணுக்காலை இறுகப் பற்றும் நடைக்காலணி ஒன்றை வாங்கித் தந்தான்.

கிளாஸ்கோவின் வடபுறத்துச் சிற்றூர் ஒன்றில் தொடங்கி, பிரிட்டனிலேயே உயர்ந்த சிகரமாகிய பென் நெவிஸின் அடிவாரத்திலுள்ள ஃபோர்ட் வில்லியம் வரை 96 மைல் நீளும் நடைபாதை ஒன்று அங்கு உண்டு. 'மேற்கு மலைநாட்டு வழி' என்பது அதன் பெயரின் பொருள். 1980-ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்டது. அது தொடங்கும் ஊரின் பெயரை எழுத்தை நோக்கி 'மில்ன்கேவி' என்று நாம் படித்தோம். உள்ளூரார் அதனை 'மல்கை' என்கிறார்கள். எழுத்தில் ஏறிய ஒலிகளுள் பாதியை விழுங்கிவிடும் இவ்வழக்கம் ஒலிபெயர்ப்புச் செய்து வயிறு வளர்ப்போருக்கு இழைக்கப்படும் கொடுமை என்றே நாம் கருதுகிறோம்.

முழுவழியையும் நடந்து முடிக்க ஒரு வாரம் வேண்டும். நாம் நடந்தது ஒரு நாள் வழியே. கிங்ஸ்ஹவுஸ் என்னும் பழைய விடுதியிலிருந்து கின்லாக்லெவன் என்னும் ஊர் வரை ஒன்பது மைல். அவ்வொன்பது மைலில் பெரும்பகுதி, படை செல்வதற்கென்றே 18-ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட சாலையின் மேல் செல்கிறது.

அச்சாலையின் கதையைச் சிறிது கூறவேண்டும். 1715-இல் ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக் குலத்தார் பலர், அரியணை இழந்த ஸ்டுவர்ட் மரபினருக்காக இலண்டன் அரசை எதிர்த்து எழுந்தனர். எழுச்சி அடங்கியது, அரசின் அச்சம் அடங்கவில்லை. 1724-இல் ஜார்ஜ் வேட் என்னும் படைத்தலைவர் மலைநாட்டின் நிலையை ஆராய்ந்து வர அனுப்பப்பட்டார். நல்ல சாலையும் பாலமும் இன்றி அந்நாட்டில் படையை நடத்த இயலாது என்பதை அவர் கண்டார். படை செல்லாத இடத்தில் அரசாணையும் செல்லாதன்றோ? எனவே போர்வீரர்களே சாலைத் தொழிலாளர் ஆயினர். துப்பாக்கியை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்த வீரனுக்கு நாளொன்றுக்கு ஆறு பென்ஸ் மிகையூதியம் கிடைத்தது. பெருங்கல்லை அடியில் அடுக்கி, சிறுகல்லை மேலே பரப்பி, சரளையால் மூடி, 16 அடி அகலத்தில், இயன்ற இடமெல்லாம் நேர்கோடாகச் சாலை வகுத்தார்கள். வேட் அமைத்தது ஏறத்தாழ 250 மைல். அவருக்குப்பின் வந்த வில்லியம் கால்ஃபீல்டு அமைத்தது 800 மைலுக்கும் மேல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிளர்ச்சியை அடக்க இட்ட சாலையில் முதலில் விரைந்து நடந்தவர்கள் கிளர்ச்சிக்காரர்களே! 1745-இல் இளவரசர் சார்லஸ் எட்வர்டின் தலைமையில் மீண்டும் எழுந்த மலைநாட்டார், வேட் அமைத்த கொரியாரக் கணவாய்ச் சாலை வழியாகவே தெற்கு நோக்கி இறங்கினர். மறு ஆண்டு ஏப்ரலில் கல்லோடன் போர்க்களத்தில் அவர்கள் முறியடிக்கப்பட்டனர். படைக்கலம் ஏந்துவது தடை செய்யப்பட்டது. குலத்தார் அணியும் உடையும் தடை செய்யப்பட்டு, 1782 வரை அத்தடை நீடித்தது. அந்த இருண்ட ஆண்டுகளில், 1750-களின் தொடக்கத்தில், கால்ஃபீல்டின் ஆட்கள் கிங்ஸ்ஹவுஸுக்கு அப்பாலுள்ள மலைமுகட்டின் மீது வளைந்து வளைந்து ஏறும் வழியை வெட்டினர். அதற்குச் 'சாத்தானின் படிக்கட்டு' என்று பெயர். கல் சுமந்து ஏறிய வீரர்களே அப்பெயரை இட்டனர் என்பர். ஏறிப் பார்த்தபின் அதை நம்புவதில் நமக்குத் தடையில்லை.

இனி, பேழைக்கு வருவோம். அதற்கும் மூலம் ஒரு படைத்துறைப் பணியே என்பது நேயர்களுக்கு வியப்பளிக்கலாம். அமெரிக்கப் படைத்துறை தன் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் வழிகாட்டுவதற்காக, பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக் கோள்களைச் சுழல விட்டது. ஒவ்வொரு கோளிலும் நுண்மையான அணுக்கடிகாரம் உண்டு. நான்கு கோள்கள் அனுப்பும் நேரக்குறிப்புகள் கைக்கருவி ஒன்றை வந்தடையக் கொள்ளும் காலத்தை ஒப்பிட்டால், அக்கருவி நிற்கும் இடம் கணக்கில் வந்துவிடும். ஆயினும் பொதுமக்களுக்குச் செல்லும் குறிப்பில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். நூறு மீட்டர் வரையில் இடம் தவறும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை நீக்கப்பட்டது.

மே 3-ஆம் நாள், அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டோரத்தில் வைத்து, அதன் நிலக்கோட்டு எண்ணையும் நெடுங்கோட்டு எண்ணையும் ஊரறிய வெளியிட்டார். வாளிக்குள் ஒரு குறிப்பேடு, பென்சில், சில புத்தகங்கள், ஒரு கவண், அடைத்த பயற்று டப்பா ஒன்று முதலியன இருந்தன. கண்டெடுப்பவர் ஏதேனும் எடுத்துக்கொண்டு ஏதேனும் வைத்துச் செல்லலாம். ஏட்டில் எழுத வேண்டும். இவ்வளவே விதி. சில நாட்களுக்குள் இருவர் கண்டுபிடித்தனர். இன்று அவ்வகைப் பெட்டிகள் உலகின் எல்லாக் கண்டங்களிலும் உள்ளன. இங்கிலாந்தின் டார்ட்மூர் பகுதியில் 1854 முதலே, வழிப்போக்கர் தம் முகவரிச் சீட்டை இட்டுச் செல்லும் கலம் ஒன்று சதுப்பு நிலத்தின் நடுவே இருந்ததுண்டு. ஆகவே ஆசை பழையது, எண்தான் புதியது.

இவ்விளையாட்டின் ஆங்கிலப் பெயர் 'ஜியோகேச்சிங்'. இதனைத் தமிழில் என்னென்பது? 'புவிப் புதையல்' என்று மருமகன் சொன்னான். நாம் ஒப்பவில்லை. மண்ணைத் தோண்டிப் புதைக்கலாகாது என்பது இவ்விளையாட்டின் உறுதியான விதிகளுள் ஒன்று. புதைக்கப்படாததனைப் புதையல் என்பது எங்ஙனம்? 'ஒளிபேழை' என்றால் விளக்கென்று மயங்குவர். முடிவில் 'மறைபேழை' என்று வைத்துக்கொண்டோம். இதனினும் நல்ல சொல்லை நேயர்கள் கண்டால் நாம் மகிழ்வோம்.

ஓரிடத்தை எண்ணால் குறிக்கும் கலையைப் பெரிதும் வளர்த்தது படையே. கல்லோடன் போருக்குப் பின் 1747-இல், இதே மலைநாட்டைப் படைக்காக அளந்து வரைபடமாக்கும் பணியை வில்லியம் ராய் என்பவர் தொடங்கினார். அதே அளவைக்கலை 1802-இல் பிரிட்டிஷ் படை அதிகாரியாகிய வில்லியம் லாம்டனோடு சென்னைப் பரங்கிமலையடிக்கு வந்தது. ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியாவை அளக்கத் தொடங்கினார். 1808-இல், அரை டன் எடையுள்ள கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றுகையில் கயிறு அறுந்து கருவி மோதிச் சிதைந்தது. அவர் அதனைத் தம் கையாலேயே செப்பனிட்டார். ஆறு வாரம் ஆயிற்று. அத்தனை பாடுபட்டுத் தேடிய எண், இன்று மருமகனின் உள்ளங்கையில் கைப்பேசித் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. பாகை, கலை, கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று அது காட்டிற்று. வடக்கு தெற்காக அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு 1.85 மீட்டருக்குச் சமம். ஒரு மனிதன் கால் நீட்டிப் படுக்கும் இடம்.

காலை ஒன்பது மணிக்குக் கிங்ஸ்ஹவுஸை விட்டுப் புறப்பட்டோம். இடப்புறத்தில் பூஹல் எடிவ் மோர் என்னும் மலை, சீவி நிறுத்திய கூம்புபோல் நின்றது. மழை பெய்வதும் நிற்பதுமாக இருந்தது. மிட்ஜ் என்னும் பூச்சியைப் பற்றி ஒரு சொல். கொசுவுக்கு நாம் பயந்தவர்கள் அல்லர். ஆனால் கொசுவாவது ஒன்றிரண்டாக, பாடிக்கொண்டு வரும். இது எள்ளினும் சிறியது. ஓசையின்றிப் புகைபோல் சூழும். அரசின் படைகளினும் இப்பூச்சியே அந்நாட்டைப் பன்னாள் காத்ததோ என்று தோன்றியது.

படிக்கட்டின் தொடக்கத்திலிருந்து முகடு வரை ஏறத்தாழ 250 மீட்டர் ஏற்றம். முகட்டின் உயரம் 548 மீட்டர். நடைபாதை முழுவதிலும் அதுவே மிக உயர்ந்த இடம். ஒரு திருப்பத்திலிருந்து மறுதிருப்பத்தைப் பார்த்தால் அருகேதான் தெரியும், நடந்தால் வாராது. மருமகன் முன்னே சென்று நின்று நின்று பார்த்தான். "மெதுவாக வாருங்கள் மாமா, அவசரமில்லை" என்றான். இருபதாண்டுக்கு முன் தில்லிக் குளிரில் அவனைத் தோளில் சுமந்து குதுப்மினாரைக் காட்டியவர்கள் நாம்.

முகட்டுக்குச் சற்றுக் கீழே, சாலையோரத்துப் பாறைக்கூட்டம் ஒன்றில்தான் எண் நம்மைக் கொண்டு நிறுத்திற்று. அங்குப் பேழை இல்லை. மலையிடத்தில் கருவி சில மீட்டர் பிழைபடும் என்பதால் சுற்றுப்புறத்தைத் துழாவத் தொடங்கினோம். அப்போதுதான் முதுமை எய்திய கணவனும் மனைவியுமாக இருவர் மேலேறி வந்தனர். மழைச்சட்டையணிந்த, நிறத்தால் வேற்று நாட்டினர் என்று தெரியும் இருவர், சாலையோரத்தில் மண்டியிட்டுக் கற்களிடையே கைவிட்டுக் கொண்டிருப்பதை அவர்கள் நின்று நோக்கினர். நமக்கு உடல் கூசிற்று.

கூச்சத்திற்குக் காரணம் உண்டு. வேலைக்கென்று வடக்கே வந்த முதலாண்டில், ஒரு பெருநிலையத்தின் நடைமேடையில் சாக்குப்பை ஒன்றை வைத்துவிட்டுக் குடிநீர் பிடிக்கச் சென்றோம். வரிசை நீண்டதால் கால்மணி நேரம் ஆயிற்று. திரும்பியபோது பையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். காவலர் நால்வர், எட்டி நின்ற கூட்டம் நூறுபேர். "இது எங்கள் பை" என்று சொல்ல வேண்டிய இந்திச் சொற்கள் அந்நேரத்தில் நாவில் வரவில்லை. பையை நாமே அவிழ்க்கும்படி பணித்தார்கள். அன்னை கட்டிக்கொடுத்த அப்பளமும் வடகமும் பருப்புப் பொடியும் ஒவ்வொன்றாக நடைமேடையில் பரப்பப்பட்டன. காவலர் செய்தது தவறென்று நாம் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லோம். அவர்கள் செய்ய வேண்டியது அதுவே. ஆனால் ஒரு பொருளின் மீது விழும் ஐயம் அதன் உடையவன் மீதும் விழுகிறது. மொழி தெரியாதவன் மீது இருமடங்கு விழுகிறது. வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மறைபேழைக்காரர்களும் இதற்கு விலக்கல்லர். 2011-இல், இங்கிலாந்தின் வெதர்பி என்னும் ஊரில், தெருவோரத்தில் ஒருவர் வைத்த சிறு பேழையைக் கண்டு ஐயுற்றுக் காவல்துறைக்குச் சொல்ல, படையின் வெடிகுண்டுப் பிரிவினர் வந்து அதனை வெடித்துச் சிதைத்தனர். நிலத்துக்குரியவரின் இசைவு பெறவேண்டும், இன்னது என்று பெட்டியின் மேல் எழுதவேண்டும், மக்கள் நெருங்கும் இடங்களில் எச்சரிக்கை வேண்டும் என்னும் விதிகளெல்லாம் இத்தகைய பட்டறிவால் வலுப்பெற்றவை. நம் நாட்டின் நிலையங்களிலும் சந்தைகளிலும் இவ்விளையாட்டை எவரும் ஆடத் துணியலாகாது என்றே நாம் சொல்வோம். அதற்குரிய இடம் மலை. மனிதர் அருகிய வெளி.

அம்முதியவர் கேட்டார்: "எதையாவது தொலைத்துவிட்டீர்களா?" மருமகன் விளக்கினான். அவர்கள் சிரிக்கவில்லை; போய்விடவும் இல்லை. அம்மையார் தம் கைத்தடியைப் பாறைமேல் சாய்த்துவிட்டுத் தாமும் குனிந்து தேடத் தொடங்கினார். கால்மணி நேரம் நால்வரும் தேடினோம். கிடைக்கவில்லை. முதியவர் ஒரு கதை சொன்னார். வேட் அமைத்த வேறொரு சாலையின் ஓரத்தில், கிழக்கே ட்ரமாக்டர் கணவாய்ப் பக்கத்தில், 1729 என்று பொறித்த ஆளுயரத்திற்கு மேற்பட்ட கல் ஒன்று நிற்கிறது. நெடிய உருவினரான வேட் அதன் உச்சியில் பொற்காசு ஒன்றை வைத்துச் சென்றாராம். மறு ஆண்டு வந்து தடவிப் பார்த்தபோது காசு அங்கேயே இருந்ததாம். மக்கள் வழங்கும் கதைதான். தாம் படைகொண்டு அடக்க வந்த மக்களின் நாணயத்தைச் சோதித்தாரா, அல்லது தம் உயரத்தை மெச்சிக்கொண்டாரா என்பது விளங்கவில்லை. எதுவாயினும் அச்சாலைகளில் வைக்கப்பட்ட முதல் மறைபேழை அதுவே என்று மருமகன் சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

அவன் கைப்பேசியில் 'கண்டெடுக்கப்படவில்லை' என்று பதிவு செய்தான். தோல்வியை எதற்கு எழுதுகிறாய் என்று கேட்டோம். "எழுதாவிட்டால் வைத்தவருக்குத் தெரியாது மாமா" என்றான். அலுவலகக் கோப்புகளில் 'கண்டறிய இயலவில்லை' என்று எத்தனையோ முறை எழுதியவர்கள் நாம். அது ஒருவருக்குச் செய்யும் உதவி என்று அதுவரை எண்ணியதில்லை.

முகட்டைக் கடந்து இறங்குகையில், கிழக்கே நீர்ப்பரப்பு ஒன்று ஈயம்போல் தெரிந்தது. அது பிளாக்வாட்டர் நீர்த்தேக்கம். கின்லாக்லெவனில் அலுமினிய ஆலை ஒன்றுக்கு மின்னாற்றல் தருவதற்காக 1905 முதல் 1909 வரை அந்த அணை கட்டப்பட்டது. ஆயிரக்கணக்கான கூலியாட்கள் பெரும்பாலும் கைவேலையாகவே கட்டினர். அயர்லாந்திலிருந்தும் மலைநாட்டுத் தீவுகளிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். அவர்களுள் ஒருவராயிருந்த பாட்ரிக் மகில் பின்னர் எழுத்தாளராகி, 1914-இல் ஒரு நாவலில் அவ்வாழ்வைப் பதிவு செய்தார். கூலி கிடைத்த நாளில் குடிப்பதற்கென்று நாம் ஏறிவந்த இதே படிக்கட்டைத் தாண்டிக் கிங்ஸ்ஹவுஸ் விடுதிக்குச் செல்வார்களாம். திரும்புகையில் பனியில் வழிதப்பி மாண்டவர் பலர். பனி உருகிய பின்னரே சிலருடைய உடல் கிடைத்தது.

அணையருகே அவர்களுக்கென ஒரு சிறு இடுகாடு உண்டு. நடைபாதையிலிருந்து வெகுவாக விலகியது, நாம் செல்லவில்லை. மருமகன் முன்பொருமுறை சென்று எடுத்த படத்தைக் காட்டினான். காரையால் செய்த எளிய கற்கள். ஒன்றில் பெயர் இருக்கும் இடத்தில் 'அறியப்படாதவர்' என்னும் பொருளில் இரண்டே ஆங்கிலச் சொற்கள் இருந்தன. படத்தை நாம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிற்பகல், ஊருக்கு மேலுள்ள பிர்ச் மரச்சோலையில், வேரடியில் பாசி மூடிய கற்களுக்குப் பின்னால் இரண்டாம் பேழை கிடைத்தது. நம் கையே அதனை முதலில் தொட்டது. மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் பெட்டி. இன்னதென்று மேலே எழுதியிருந்தது. உள்ளே ஒரு பொம்மைக் கார், இரண்டு பொத்தான், ஏதோ ஒரு நாட்டு நாணயம், ஈரம் படாமல் பையிலிட்ட குறிப்பேடு. ஏட்டில் ஜெர்மானியரும் டச்சுக்காரரும் போலந்து நாட்டவரும் எழுதியிருந்தனர். பலர் நாளையும் பெயரையும் மட்டுமே இட்டிருந்தனர். ஒரு குழந்தை ஒரு நாயை வரைந்திருந்தது.

"எழுதுங்கள் மாமா" என்று பென்சிலை நீட்டினான். ஆங்கிலத்தில் எழுதப்போன கையை நிறுத்தித் தமிழில் எழுதினோம். தந்தையின் முதலெழுத்து, பெயர், காவிரிக் கரையிலுள்ள நம் சிற்றூரின் பெயர், அதன்கீழ் இப்போது குடியிருக்கும் தில்லி. அலுவலகப் படிவங்களில் 'நிலையான முகவரி', 'தற்போதைய முகவரி' என்று இரு கட்டங்கள் இருக்குமே, அப்பழக்கம். சட்டைப்பையில் கிடந்த ஐந்து ரூபாய் நாணயத்தைப் பெட்டியில் இட்டோம். எதையும் எடுக்கவில்லை. பெட்டியை இருந்தவாறே வைத்துக் கல்லைச் சாத்திவிட்டு, ஆலைக்கு நீர் கொண்டு சென்ற பெருங்குழாய்களின் அருகாக ஊருக்குள் இறங்கினோம். அவ்வாலை முன்னரே மூடப்பட்டுவிட்டது. பூச்சி கடித்த இடமெல்லாம் தடித்திருந்தது. மணி ஐந்து; இருட்டுவதற்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.

சென்ற மாதம் மருமகன் எழுதியிருந்தான். மேலே கிடைக்காத பேழையை வைத்தவர், 'கண்டெடுக்கப்படவில்லை' என்னும் பதிவுகள் இரண்டு மூன்று சேர்ந்ததைக் கண்டு, ஒரு ஞாயிறன்று ஏறிச்சென்று பார்த்திருக்கிறார். மழைநீர் அரித்துப் பெட்டி ஒரு முழம் கீழே சரிந்து, புல்லுக்கடியில் கிடந்ததாம். எடுத்துத் துடைத்து, புது ஏடு இட்டு, பழைய இடத்திலேயே வைத்துவிட்டாராம். அவர் வெளியிட்ட படத்தில் அந்தப் பாறை தெரிகிறது. அம்மையார் தம் கைத்தடியைச் சாய்த்து வைத்த பாறை அது.